போத்தல் தண்ணீரை எதை வைத்து நம்புகிறோம்?

கடந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், கிள்ளானில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் ஒரு விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய் நீர். மற்றொன்றில் அவர் கொண்டு வந்த வடிகட்டிய நீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியைக் குவளைகளுக்குள் இறக்கி, சுவிட்சைத் தட்டினார். சிறிது நேரத்தில் எங்கள் குழாய் நீர் பச்சை கலந்த பழுப்பாக மாறி, மேலே அழுக்கு திட்டுத் திட்டாக மிதந்தது. அவருடைய நீர் அப்படியே இருந்தது.

"அக்கா, இத்தனை நாளா இதத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

அவர் விற்க வந்த வடிகட்டியின் விலை மூவாயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. அதை வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஆனால் அந்தப் பழுப்புக் குவளையை அம்மாவால் மறக்கவும் முடியவில்லை. மறுநாளே பேரங்காடியிலிருந்து போத்தல் தண்ணீர்ப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றரை லிட்டர் போத்தல் 12 கொண்ட பெட்டி ஒன்று 18 ரிங்கிட். நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் எட்டுப் பெட்டி. குடிக்க மட்டும் 144 ரிங்கிட். அதே 144 லிட்டரைக் குழாயில் பிடித்திருந்தால் பதினைந்து சென்கூட ஆகியிருக்காது. சிலாங்கூரில் வீடுகளுக்கான முதல் கட்டணப் படியில் ஆயிரம் லிட்டர் நீரின் விலை ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவு. அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 144 ரிங்கிட் என்பது அவருக்கு இரண்டு நாள் சம்பளத்திற்கும் மேல்.

நான் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுமுறைக்கு வீடு வந்தபோதுதான் அம்மா இந்தக் கதையைச் சொன்னார். எஸ்பிஎம் வேதியியலில் எலெக்ட்ரோலிசிஸ் பாடத்தின்போது தூங்காமல் இருந்த எவருக்கும் அங்கே நடந்தது என்னவென்று உடனே புரிந்திருக்கும். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகளின் அயனிகள் வழியே மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. குவளையில் மிதந்த அழுக்கு, கருவியிலிருந்தே வந்த துரு. வடிகட்டிய நீரில் அயனிகள் மிகக் குறைவு. ஆகவே மின்சாரம் பாயாது, துருவும் வராது.

பல்கலைக்கழகம் திரும்பியதும் இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரியுடன் நானே செய்து பார்த்தேன். குழாய் நீர் கால் மணி நேரத்தில் பழுப்பானது. அம்மா வாங்கும் போத்தல் நீர் தெளிவாகவே இருந்தது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் அதுவும் பழுப்பாகிவிட்டது. பிறகு, கடையில் அதைவிட விலை அதிகமான இயற்கைக் கனிமநீர் ஒன்றை வாங்கி வந்து சோதித்தேன். மூன்றிலும் அதுதான் மிக மோசமாகக் கறுத்தது! உப்புகள் அதில்தான் அதிகம். நாம் காசு கொடுப்பதே அந்த உப்புகளுக்காகத்தான்.

நீரில் கரைந்துள்ள மொத்தப் பொருள்களின் அளவைக் காட்டுவதாகச் சொல்லிப் பேனா போன்ற ஒரு கருவியை இணையக் கடைகளில் விற்கிறார்கள். அதுவும் இதே வகைதான். அது அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆர்சனிக் போன்ற நச்சு, ஆபத்தான அளவில் இருந்தாலும்கூட அந்த எண்ணில் தென்படாத அளவுக்கு அது சிறியது.

இதையெல்லாம் காணொளி எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். வெற்றி பெற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். இரவு அழைத்தார். "அந்தத் தம்பி ஏமாத்துனான்னே வெச்சுக்குவோம். 2020ல நாம தண்ணிக்கு அல்லாடுனது மறந்து போச்சா உனக்கு?"

மறக்கவில்லை. அப்போது நான் மூன்றாம் படிவம். 2020 செப்டம்பர் 3ஆம் தேதி சிலாங்கூர் ஆற்றில் துர்நாற்ற மாசு கண்டறியப்பட்டு, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் நின்றது. கோவிட் காலம். கையைக் கழுவுங்கள் என்று எங்கும் அறிவிப்பு, குழாயில் காற்று மட்டும். நான்காவது மாடிக்கு வாளி வாளியாகத் தூக்கினோம். அக்டோபரில் மறுபடியும் அதே கதை. தண்ணீர் திரும்ப வந்தபோது முதலில் வந்தது கலங்கல். ஒரு விற்பனையாளரின் குவளையை அம்மா நம்பியதற்குக் காரணம் வேதியியல் தெரியாதது மட்டுமல்ல. குழாய் அவரை ஏற்கெனவே ஏமாற்றியிருந்தது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டேன். குழாய் நீரை விடுங்கள். நாம் வாங்கும் போத்தல் பாதுகாப்பானதா என்பதை யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'மினரல் வாட்டர்' என்கிறோம். மலேசியச் சட்டத்தில், 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, அவை இரண்டு வகை. 'ஆயர் மினரல் செமுலா ஜாடி' என்று எழுதியிருந்தால் அது நிலத்தடியிலிருந்து எடுத்த இயற்கைக் கனிமநீர். வெறும் 'ஆயர் மினுமான்' என்றிருந்தால் அது சுத்திகரித்து அடைத்த குடிநீர். அதன் மூலம் கிணறாக இருக்கலாம், நம் வீட்டுக்கு வரும் அதே பொதுக் குழாயாகவும் இருக்கலாம். வெள்ளை மூடி குடிநீர், வண்ண மூடி கனிமநீர் என்று நமக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். மூடியைப் பார்ப்பதைவிடச் சிட்டையைப் படிப்பது நல்லது. எங்கள் வீட்டில் எட்டு மாதமாக மினரல் என்று நினைத்துக் குடித்தது ஆயர் மினுமான்.

அது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் எனப்படும் நுண்சவ்வு வழியே அழுத்தி, புற ஊதாக் கதிராலோ ஓசோன் வாயுவாலோ கிருமி நீக்கி அடைக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. குழாய் நீரில் குளோரின் எஞ்சியிருக்கும். நாம் முகம் சுளிக்கும் அந்த வாடை, வழியில் ஏதாவது கிருமி நுழைந்தால் தடுக்க விட்டுவைத்த மருந்து. ஓசோன் தன் வேலையை முடித்ததும் ஆக்சிஜனாக மாறிப் போய்விடும். எனவே போத்தலைத் திறந்து வாய் வைத்துக் குடித்து, காரில் போட்டுவிட்டு மறுநாள் மீண்டும் குடித்தால், அந்த நீரைக் காக்க உள்ளே எதுவும் இல்லை. சீல் உடையாத போத்தலைப் பற்றித்தான் தொழிற்சாலை உறுதி சொல்ல முடியும்.

இயற்கைக் கனிமநீருக்கான அனைத்துலக கோடெக்ஸ் தரத்தின்படி, 250 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக்கூடாது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமியும் இருக்கக்கூடாது. ஈ.கோலை ஒரு தூதர் மாதிரி. அது தென்பட்டால் மலக்கழிவு எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். சூடோமோனாஸ் வேறு விதம். தொழிற்சாலைக் குழாய்களின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழும். உடல்நலமுள்ளவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஆபத்து. தாகத்தோடு போத்தலைத் திறக்கும் எவராலும் இவற்றைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம் சொல்வதை நம்பியாக வேண்டும்.

அந்த நம்பிக்கை எப்படியெல்லாம் தவறியிருக்கிறது என்று தேடியபோது, ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று சம்பவங்கள் கிடைத்தன.

1990இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மாவட்ட ஆய்வுக்கூடம், தன் சோதனைகளில் கலப்பதற்குத் தூய நீராக எதைப் பயன்படுத்தியது தெரியுமா? பிரான்சின் புகழ்பெற்ற பெரியேர் போத்தல் நீரை. ஒரு நாள் முடிவுகள் விசித்திரமாக வந்தன. கருவியில் கோளாறு என்று நினைத்துத் தேடியவர்கள், கடைசியில் அந்தத் 'தூய' நீரிலேயே பென்சீன் இருப்பதைக் கண்டார்கள். நிலத்தடி வாயுவில் இயற்கையாக இருக்கும் பென்சீனை நீக்கும் கரி வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றவில்லை. உலகெங்கும் 16 கோடி போத்தல்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. யாரும் அந்தப் போத்தலைச் சந்தேகித்துச் சோதிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தற்செயலாகத் தெரிய வந்தது.

2004இல் பிரிட்டனில் கோக்கா கோலா நிறுவனம் டசானி நீரை அறிமுகப்படுத்தியது. சிட்கப் ஊர்க் குழாய் நீரைத்தான் சுத்திகரித்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் உண்மையான சிக்கல் வந்தது. சுவைக்காகச் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது. ஓசோன் பட்டதும் அது புரோமேட்டாக மாறி, சட்ட வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியது. நீண்ட காலம் உட்கொண்டால் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடிய பொருள் அது. சுமார் ஐந்து லட்சம் போத்தல்கள் திரும்பப் பெறப்பட்டன. குழாயில் வந்தபோது வரம்புக்குள் இருந்த நீர், சுத்திகரித்த பிறகு வரம்பைக் கடந்தது!

மூன்றாவது அண்மைக் காலத்தது. 2024 ஜனவரியில், பெரியேர் உள்ளிட்ட சில இயற்கைக் கனிமநீர்களுக்குத் தடை செய்யப்பட்ட புற ஊதாக் கதிர், கரி வடிகட்டி ஆகியவற்றை நெஸ்லே பயன்படுத்தி வந்தது பிரெஞ்சு ஊடகங்களின் விசாரணையில் வெளியானது. ஐரோப்பியச் சட்டப்படி இயற்கைக் கனிமநீரைக் கிருமிநீக்கம் செய்யக்கூடாது. ஊற்றிலேயே அது தூய்மையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த விலை. அதே ஆண்டு ஏப்ரலில், கனமழைக்குப் பிறகு ஒரு கிணற்றில் மலக்கழிவுக் கிருமி தென்பட்டதால் 20 லட்சம் பெரியேர் போத்தல்கள் அழிக்கப்பட்டன. கிருமிநீக்கம் செய்தால் நீர் பாதுகாப்பாகத்தானே இருக்கும், பிறகென்ன குற்றம் என்று என் அறைத்தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதுகாப்பு வேறு, சிட்டையில் சொன்னது உண்மையாக இருப்பது வேறு. ஊற்று கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்ற செய்தியை அந்த வடிகட்டி மறைத்துவிட்டது.

இவை வெளிநாட்டுக் கதைகள்தான். ஆனால் அங்கே கேட்ட கேள்விகள் இங்கேயும் பொருந்தும். எங்கள் வீட்டுப் போத்தலில் சுகாதார அமைச்சின் உரிம எண் இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன வந்தது என்பது இல்லை. உரிம எண் இல்லாத போத்தலை வாங்காதீர்கள் என்று சொல்வேன். அந்த எண் இருந்தால் கதை முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

வெயிலில் கிடந்த போத்தல் நஞ்சாகிவிடும் என்று புலனத்தில் சுற்றும் செய்தியையும் தேடினேன். பெட் நெகிழியைத் தயாரிக்கும்போது அன்டிமனி என்ற உலோகச் சேர்மம் பயன்படுகிறது. சூட்டில் அது சிறிது சிறிதாக நீரில் கசிவது உண்மை. 2008இல் அரிசோனாவில் வெளியான ஓர் ஆய்வின்படி, 65 பாகை செல்சியஸில் தொடர்ந்து வைத்தால் அமெரிக்க வரம்பை எட்ட 38 நாள் ஆகும். நம் மளிகைக் கடை வாசலில் அந்தச் சூடு வராது. மூடிய காருக்குள் வரலாம், ஆனால் இரவும் பகலுமாக 38 நாள் நீடிக்காது. வெயிலில் கிடந்த போத்தலில் வரும் நெகிழி வாடையைக் குடிக்க யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம். நிழலில் வைக்கும் கடையில் வாங்குங்கள், போதும்.

நுண்நெகிழி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2018இல் ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 போத்தல்களைச் சோதித்ததில் 93 விழுக்காட்டில் நுண்நெகிழி இருந்தது. ஓரளவு பெரிய துகள்களில் பாதிக்கு மேல் பாலிபுரோப்பிலீன், அதாவது மூடி செய்யும் நெகிழி. 2024இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமான லேசர் முறையில் எண்ணியபோது, லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள்கள் கிடைத்தன. அவற்றில் 90 விழுக்காடு நானோ அளவிலானவை. சுத்திகரிக்கும் சவ்விலிருந்தே வந்திருக்கக்கூடிய பாலிஅமைடும் அதில் இருந்தது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை அழைத்தேன். "ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமா?" என்றார். குரல் மாறிவிட்டது. "அப்போ தம்பிக்கு நான் என்னத்தத்தான் குடிக்கக் கொடுக்குறது?" தம்பி என்றால் என் தம்பி, பத்து வயது.

அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது. விற்பனையாளர் பழுப்பு நிறத்தைக் காட்டினார், நான் ஆறு இலக்க எண்ணைக் காட்டினேன். நானோ துகள் உடலில் என்ன செய்கிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். குடிநீரில் உள்ள நுண்நெகிழியால் தீங்கு என்று முடிவு செய்யப் போதிய சான்று இல்லை, கிருமிகளைத் தடுப்பதே முதல் வேலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 அறிக்கையில் சொல்லியிருந்தது. எண்ணைச் சொன்ன நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையில் வெறும் பேச்சோடு நிற்கக்கூடாது என்று, நீச்சல் குளங்களில் குளோரின் அளக்கும் சிறிய மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கிச் சென்றேன். நீரில் மாத்திரையைப் போட்டால் குளோரின் இருப்பதற்கேற்ப இளஞ்சிவப்பாக மாறும். கீழ்த்தளத்தில், பிரதானக் குழாயோடு நேராக இணைந்த தோட்டக் குழாயில் பிடித்த நீர் நன்றாகச் சிவந்தது. நான்காவது மாடியில் எங்கள் சமையலறைக் குழாய் நீர் கிட்டத்தட்ட நிறமே மாறவில்லை. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் 0.2 மில்லிகிராமுக்கும் கீழே. குழாய் நீரில் குறைந்தது 0.2 எஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் தேசியத் தரம். இரண்டு குழாய்களுக்கும் இடையில் இருப்பது மொட்டை மாடித் தொட்டி.

சுகாதார அமைச்சின் குடிநீர்க் கண்காணிப்புத் திட்டம் 1983 முதல் நடக்கிறது. ஆற்றில், சுத்திகரிப்பு நிலையத்தில், நீர்த்தேக்கத் தொட்டியில், தெருக் குழாயில் மாதிரி எடுக்கிறார்கள். நம் மொட்டை மாடித் தொட்டி அந்தப் பட்டியலில் வராது. அது நம் பொறுப்பு. குளோரின் தீர்ந்துவிட்டதால் நீர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஆனால் நீண்ட நேரம் தேங்கியோ, அடியில் சேறு படிந்தோ அது செலவாகியிருக்கிறது.

நிர்வாக அலுவலகத்தில், தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டேன். இருந்தவர் ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார். பல ஆண்டாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டும் நாங்களும் கேட்டதில்லை என்பது உண்மைதான். எங்கள் கட்டடத்தில் எத்தனை வீடுகள் மாதம் நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டுக்குப் போத்தல் வாங்குகின்றன என்று தெரியாது. மின்தூக்கியில் பெட்டிகளோடு ஏறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு மூன்று மாதப் போத்தல் செலவைச் சேர்த்தாலே தொட்டியைக் கழுவிவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்க முடியாத வீடுகள் அந்தத் தொட்டி நீரைத்தான் குடிக்கின்றன.

இப்போது எங்கள் வீட்டில் குழாய் நீரைக் கொதிக்க வைத்து ஆறவைக்கிறோம். கொதித்தால் கிருமி சாகும், துருவோ உலோகமோ போகாது என்பதை அம்மாவிடம் சொல்லித்தான் இருக்கிறேன். போத்தலை அவர் முழுதாக விடவில்லை. கட்டிலுக்கடியில் எப்போதும் இரண்டு பெட்டி இருக்கும், அடுத்த தண்ணீர்த் தடைக்காக. அதில் நான் தலையிடுவதில்லை.

தொட்டியைக் கழுவி, நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கோரும் கடிதத்தில் இதுவரை 31 வீடுகள் கையெழுத்திட்டுள்ளன. முதல் கையெழுத்து அம்மாவுடையது. நிர்வாகக் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. அன்று வேலையில்லை, நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.